குறைமாதக் குழந்தை... உலகின் ஆக வேகமான பெண் ஆனது எப்படி?

பிள்ளைக்கு எட்டு மாசம் ஆச்சே, இன்னும் உட்காரலையா?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் பெற்றோருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. உங்களிடமும் யாராவது அப்படிக் கேட்டிருக்கிறார்களா? அப்படியானால் வில்மா ருடோல்ஃபின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

எடை 2 கிலோகிராம்தான்!

1940 ஜூன் 23. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மாதம் நிறையும் முன்பே பிறந்தார் வில்மா. அப்போது அவரின் எடை சுமார் 2 கிலோகிராம். அவருடைய தந்தையின் 22 பிள்ளைகளில் வில்மா 20ஆவது. அப்பாவுக்கு ரயில்வேயில் சுமை தூக்கும் வேலை. அம்மாவுக்கு வீட்டு வேலை.

நிமோனியா, ஸ்கார்லெட் காய்ச்சல், போலியோ என்று சிறு வயதில் அடுத்தடுத்து நோய்கள் வந்தன. போலியோவால் இடது கால் பலவீனமானது. உலோகத் தாங்கி இல்லாமல் அவரால் நடக்க முடியவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள்... கால் பலவீனமானதற்குக் காரணம் போலியோ, குறைமாதப் பிறப்பு அல்ல.

வீடே சிகிச்சை அறை

இனப் பாகுபாடு நிலவிய காலம் அது. அவர்கள் ஊரில் கறுப்பினத்தவருக்குப் போதிய மருத்துவ வசதி இல்லை. அதனால் வாராவாரம் மகளுடன் சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த நேஷ்வில் நகருக்குப் பேருந்தில் போனார் அம்மா.

காலை நீவிவிடும் முறையை அங்கே கற்றுக்கொண்டார். வீட்டில் அம்மாவும் அண்ணன், அக்காமாரும் மாறி மாறித் தினமும் நான்கு தடவை நீவிவிட்டார்கள்.

வில்மா பதின்ம வயதைத் தொடும் முன்பே தாங்கி தேவைப்படாமல் போனது.

16 வயதில் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் வெண்கலம். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சலோட்டம் மூன்றிலும் தங்கம்! ஒரே ஒலிம்பிக்கில் ஓட்டத்தில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்தான்.

ஊர் திரும்பியபோது, வரவேற்பில் இன வேறுபாடு இருக்கக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதன்படியே நடந்தது. 1994இல் 54 வயதில் வில்மா காலமானார்.

சரி, உங்கள் பிள்ளைக்கு?

குறைமாதத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வாங்கவேண்டும் என்பதில்லை. நீங்கள் கவனிக்கவேண்டியது இவைதான்:

- வயதைச் சரிசெய்து கணக்கிடுங்கள். இரண்டு மாதம் முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு இப்போது எட்டு மாதம் என்றால், ஆறு மாதக் குழந்தையுடன்தான் ஒப்பிடவேண்டும். பொதுவாக இரண்டு வயது வரை இப்படிக் கணக்கிடுவார்கள்.

- விழித்திருக்கும்போது உங்கள் கண்பார்வையில் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வையுங்கள். கழுத்தும் தோளும் வலுப்பெறும். தூங்கும்போது மல்லாந்தே படுக்கட்டும்.

- வயதைச் சரிசெய்த பிறகும் தலை நிற்கவில்லையா? கை கால் விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறதா? ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறதா? தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்கவேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள். சில பிள்ளைகளுக்குச் சிகிச்சை தேவைப்படும். சீக்கிரம் தொடங்குவது நல்லது.

வில்மாவின் அம்மா மகளை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. அடுத்த வாரப் பேருந்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டார்.