கொட்டகையில் பிறந்த வேகம்

நியூசிலாந்து நாட்டின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்னும் நகரம் உள்ளது. அந்நகரில் 1899ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ பிறந்தார். பிற்காலத்தில் உலகம் அவரைப் பர்ட் மன்ரோ என்ற பெயரால் அறிந்தது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சினைத் தம் கொட்டகையிலேயே மாற்றியமைத்து, உலகச் சாதனை படைத்தவர் அவர். அவரிடம் பொறியியல் பட்டமும் இல்லை. பெரிய தொழிற்சாலையும் இல்லை. அவரிடம் இருந்தவை ஒரு பழைய வண்டியும், சில கருவிகளும், நாற்பது ஆண்டுகள் தளராத உழைப்பும்தாம்.

மன்ரோவின் இளமைக்காலம் எடென்டேல் என்ற சிற்றூரில் இருந்த பண்ணையில் கழிந்தது. சிறு வயதிலேயே அவருக்கு வேகத்தின்மீது தீராத ஆசை இருந்தது. பண்ணையிலிருந்த குதிரைகளுள் மிக வேகமாக ஓடும் குதிரையைத் தேர்ந்தெடுத்து, அதன்மீது ஏறிப் பாய்ந்து செல்வார். தந்தை கண்டித்தாலும் அந்த ஆசை அடங்கவில்லை. மோட்டார் வண்டிகளும் விமானங்களும் மெல்ல மெல்ல அறிமுகமாகி வந்த காலம் அது. பண்ணைக்கு வெளியே இருந்த அந்தப் புதிய உலகம் சிறுவன் மன்ரோவை ஈர்த்தது. ஆனால், மகன் நிலத்திலேயே உழைக்க வேண்டும் என்பதே குடும்பத்தாரின் விருப்பமாக இருந்தது.

முதல் உலகப் போர் முடிந்தபின் மன்ரோ சிறிது காலம் ஓட்டிரா மலைச் சுரங்கப் பாதையைக் கட்டும் பணியில் ஈடுபட்டார். 1920ஆம் ஆண்டு அவர் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதுவே அவருடைய வாழ்க்கையின் போக்கை மாற்றியது. அந்த வண்டியின் பெயர் 'இந்தியன் ஸ்கவுட்'. பெயரில் இந்தியன் என்று இருந்தாலும் அது அமெரிக்காவில் செய்யப்பட்ட வண்டியாகும். இரண்டு சிலிண்டர்களைக் கொண்ட அதன் எஞ்சின் 600 சிசி கொள்ளளவு உடையது. அதன் உச்ச வேகம் மணிக்கு 89 கிலோமீட்டர்தான்.

ஆண்டுகள் செல்லச் செல்ல, புதிய வண்டிகள் பல சந்தைக்கு வந்தன. பந்தயங்களில் கலந்துகொள்பவர்கள் பழைய வண்டியை விற்றுவிட்டு வேகமான புதிய வண்டியை வாங்குவது வழக்கம். மன்ரோவிடம் அதற்கான பணம் இல்லை. ஆகவே, தம்மிடம் இருந்த வண்டியையே வேகமான வண்டியாக மாற்றுவது என அவர் முடிவு செய்தார். 1926ஆம் ஆண்டு அந்தப் பணியைத் தொடங்கினார்.

ஓர் எஞ்சினின் வலிமையை எவ்வாறு கூட்டுவது? எஞ்சினும் நம்மைப் போலவே மூச்சு விடுகிறது. சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் எரிபொருளும் உள்ளே இழுக்கப்படுகின்றன. அவை எரியும்போது உண்டாகும் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. எரிந்த புகை வெளியேறுகிறது. எவ்வளவு மிகுதியாகக் காற்று உள்ளே செல்கிறதோ, அதற்கேற்ப எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். அப்போது எஞ்சினின் வலிமையும் கூடும். இக்காலக் கார்களில் பொருத்தப்படும் டர்போ என்னும் கருவி இதைத்தான் செய்கிறது. வெளியேறும் புகையின் விசையால் அது ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதன் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது.

மன்ரோ டர்போவைப் பயன்படுத்தவில்லை. எனினும், எஞ்சினை நன்றாக மூச்சு விடச் செய்ய வேண்டும் என்ற அதே உண்மையை அவர் நன்கு புரிந்துகொண்டார். அவருடைய எஞ்சினில் காற்று நுழையும் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்தன. காற்று வளைந்து திரும்பித்தான் உள்ளே செல்ல முடிந்தது. மன்ரோ அந்த அமைப்பையே மாற்றினார். வால்வுகள் பிஸ்டனுக்கு நேர் மேலே இருக்குமாறு சிலிண்டரின் தலைப்பகுதியைப் புதிதாக உருவாக்கினார். காற்று தடையின்றி உள்ளே பாய்ந்தது. பின்னர், சிலிண்டர்களையும் சிறிது சிறிதாகப் பெரிதாக்கினார். 600 சிசி எஞ்சின் காலப்போக்கில் 950 சிசி எஞ்சினாக வளர்ந்தது.

இங்கேதான் உண்மையான சிக்கல் எழுந்தது. ஓர் எஞ்சினின் வலிமையைக் கூட்டினால் அதன் ஒவ்வொரு பாகமும் அந்தக் கூடுதல் வலிமையைத் தாங்க வேண்டும். மிகுதியான எரிபொருள் எரிந்தால் வெப்பம் மிகும். பிஸ்டன் உருகிப் போகலாம். பிஸ்டனையும் சுழலும் தண்டையும் இணைக்கும் இணைப்புத் தண்டு முறிந்து போகலாம். வலிமையான எஞ்சினின் சுழற்சியைத் தாங்க முடியாமல் சங்கிலியும் கிளட்சும் பழுதாகலாம். ஒரு பாகத்தை வலுப்படுத்தினால், அடுத்து எந்தப் பாகம் வலுவற்றதோ அது உடையும். இன்று வீட்டிலேயே காரில் டர்போ பொருத்த விரும்புபவர்கள் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. டர்போவைப் பொருத்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அதைத் தாங்கும் எஞ்சினை உருவாக்குவதே பெரிய வேலை.

மன்ரோ தமக்கு வேண்டிய பாகங்களைத் தாமே செய்துகொண்டார். உலோகத்தை உருக்கிப் பழைய தகர டப்பாக்களில் ஊற்றி பிஸ்டன்களை வார்த்தார். அவை ஆறியபின் அவற்றை அராவிச் சரியான அளவுக்குக் கொண்டு வந்தார். இணைப்புத் தண்டுகளுக்கு மிக உறுதியான எஃகு தேவைப்பட்டது. பழைய டிராக்டர் ஒன்றின் அச்சிலிருந்து அவற்றைக் கையாலேயே செதுக்கி எடுத்தார். நுண்ணிய அளவுகளை எடுக்க விலையுயர்ந்த கருவிகளை வாங்க அவரால் இயலவில்லை. மோட்டார் சைக்கிள் சக்கரத்தின் பழைய கம்பி ஒன்றையே அவர் அளவுகோலாகப் பயன்படுத்தினார். கையில் இருப்பதைக் கொண்டு காரியத்தை முடிப்பது அவருடைய இயல்பாகிவிட்டது.

பகலில் அவர் மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் பழுது பார்ப்பவராகவும் வேலை செய்தார். இரவில் தம் வண்டியோடு போராடினார். பல இரவுகள் அவர் மிகக் குறைவாகவே உறங்கினார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா? 1938ஆம் ஆண்டு அவர் நியூசிலாந்து அளவில் தம் முதல் வேகச் சாதனையைப் படைத்தார். அதன்பின் மேலும் பல சாதனைகள் தொடர்ந்தன. இன்வர்கார்கிலுக்கு அருகில் உள்ள ஒரேட்டி கடற்கரையின் நீண்ட மணற்பரப்பு அவருடைய சோதனைக் களமாயிற்று.

அவருடைய வெற்றிகளுக்குப் பின்னால் எண்ணற்ற தோல்விகள் இருந்தன. மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கிய பாகம் சில நொடிகளில் சிதறிப் போனதுண்டு. அப்போதெல்லாம் மன்ரோ எஞ்சினைப் பிரித்து, எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று ஆராய்ந்தார். உடைந்த பாகங்களை அவர் தூக்கி எறியவில்லை. கொட்டகையில் இருந்த ஓர் அலமாரியில் அவற்றை வரிசையாக அடுக்கி வைத்தார். வேகத்தின் தெய்வத்திற்குத் தாம் படைத்த காணிக்கைகள் அவை என்று அந்த அலமாரியில் வேடிக்கையாக எழுதியும் வைத்திருந்தார். அந்த அலமாரியே அவருக்குப் பாடநூலாக அமைந்தது.

அந்த உழைப்புக்கு அவர் கொடுத்த விலையும் பெரியது. மன்ரோவுக்குத் திருமணமாகி நான்கு பிள்ளைகள் இருந்தனர். அவருடைய நேரமெல்லாம் வண்டியிலேயே கழிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவருடைய மணவாழ்க்கை முறிந்தது. அவர் தம் வேலையையும் விட்டுவிட்டு, வண்டி நிறுத்தும் சிறு கொட்டகையிலேயே வாழத் தொடங்கினார். உறங்கும் இடமும் அதுவே, பட்டறையும் அதுவே. ஒரே இலக்கை நோக்கி ஓடும் மனிதன் பலவற்றை இழக்க நேரிடும் என்பதையும் அவருடைய வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பொன்னவில் என்னும் உப்புச் சமவெளி உள்ளது. பழங்காலத்தில் அங்கே மிகப் பெரிய ஏரி ஒன்று இருந்தது. அது வற்றியபின் எஞ்சிய உப்பு கெட்டியான வெண்ணிறத் தரையாக நெடுந்தூரம் பரந்து கிடக்கிறது. தடையின்றி நேர்க்கோட்டில் வண்டியைச் செலுத்த அதைவிடச் சிறந்த இடங்கள் உலகில் மிகச் சிலவே. வேகச் சாதனை படைக்க விரும்புபவர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடுவார்கள். மன்ரோ முதலில் பார்வையாளராக அங்கே சென்றார். தம் பழைய வண்டியை அந்த உப்புத் தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற கனவு அவருக்குள் வேரூன்றியது.

அதற்குள் அவருடைய வயது அறுபதை நெருங்கிவிட்டது. இதயத்திற்குச் செல்லும் இரத்தம் குறைவதால் உண்டாகும் நெஞ்சுவலியும் அவரை வாட்டத் தொடங்கியது. பெரும்பாலோர் ஓய்வை நாடும் வயதில் அவர் தம் வாழ்வின் மிகப் பெரிய முயற்சிக்கு ஆயத்தமானார்.

எஞ்சினின் வலிமை மட்டும் போதாது என்பதையும் மன்ரோ அறிந்திருந்தார். வேகம் இரண்டு மடங்கானால், எதிர்க்கும் காற்றைக் கிழித்துச் செல்ல ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் தேவைப்படும். ஆகவே, காற்று வழுக்கிச் செல்லும்படி மீனைப் போன்ற வடிவில் ஒரு கூட்டைச் செய்து வண்டியை அதனுள் பொருத்தினார். ஓட்டுபவர் அதற்குள் குப்புறப் படுத்த நிலையில்தான் வண்டியைச் செலுத்த முடியும். மிகுந்த வேகத்தில் அந்த வண்டி சில வேளைகளில் பாம்பைப் போல் நெளிந்தது. சிறிது தடுமாறினாலும் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இத்தகைய ஓட்டங்கள் பொதுச் சாலைகளில் அல்லாமல், விதிமுறைகளும் அதிகாரிகளின் கண்காணிப்பும் உள்ள களத்தில் நடத்தப்படுகின்றன.

1962ஆம் ஆண்டு, தமது 63ஆம் வயதில், மன்ரோ பொன்னவில் களத்தில் இறங்கினார். அப்போது அவருடைய எஞ்சின் 850 சிசி கொள்ளளவு கொண்டிருந்தது. மணிக்கு 288 கிலோமீட்டர் வேகத்தில் சென்று அவர் தம் பிரிவில் சாதனை படைத்தார். அதோடு அவர் மனநிறைவு அடையவில்லை. இன்வர்கார்கிலுக்குத் திரும்பி மீண்டும் எஞ்சினைப் பிரித்தார், மீண்டும் செம்மைப்படுத்தினார், மீண்டும் பொன்னவிலுக்குச் சென்றார். 1966ஆம் ஆண்டு பெரிதாக்கப்பட்ட எஞ்சினோடு மற்றொரு பிரிவில் இரண்டாவது சாதனையைப் படைத்தார்.

1967ஆம் ஆண்டு மன்ரோவுக்கு வயது 68. வண்டிக்கு வயது 47. சாதனை ஏற்றுக்கொள்ளப்பட வேண்டுமானால் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு முறை ஓட வேண்டும். இரண்டு ஓட்டங்களின் சராசரியே கணக்கில் கொள்ளப்படும். காற்று ஒரு திசையில் உதவினாலும் அதன் பயன் மறுதிசையில் கழிந்துவிடும். மன்ரோ இரண்டு ஓட்டங்களையும் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 295.453 கிலோமீட்டர் எனப் பதிவாயிற்று. 1000 சிசிக்குக் குறைவான வண்டிகளுக்குரிய பிரிவில் அது புதிய சாதனையாகும். அதற்கு முன் நடந்த தகுதிச் சுற்றில் ஒரு திசையில் மட்டும் அவர் மணிக்கு 305 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தார். மணிக்கு 89 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டி, மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் உப்புச் சமவெளியைக் கடந்தது.

அதன் பின்னரும் மன்ரோ ஓய்ந்துவிடவில்லை. உடல்நிலை இடம் கொடுத்த வரையில் வண்டிகளோடு உழைத்தார். 1977ஆம் ஆண்டு பக்கவாதம் அவரைத் தாக்கியது. இனி வண்டி ஓட்ட இயலாது என்பதை உணர்ந்த அவர், தம் வண்டிகள் பிறந்த மண்ணைவிட்டுப் போகக் கூடாது என எண்ணி, அவற்றை உள்ளூர் வணிகர் ஒருவரிடம் விற்றார். 1978ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அவர் காலமானார்.

காலம் அவரை மறக்கவில்லை. 2005ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையை ஒட்டிய திரைப்படம் ஒன்று வெளிவந்து உலகெங்கும் பாராட்டைப் பெற்றது. 2014ஆம் ஆண்டு வியப்பான செய்தி ஒன்றும் வெளிவந்தது. 1967ஆம் ஆண்டுச் சாதனையின் சராசரியைக் கணக்கிட்டபோது பிழை நேர்ந்திருந்ததை அவருடைய மகன் கண்டறிந்தார். சாதனைகளைப் பதிவு செய்யும் அமெரிக்க அமைப்பு அந்தக் கணக்கைச் சரிபார்த்து, மன்ரோவின் வேகம் மணிக்கு 296.259 கிலோமீட்டர் எனத் திருத்தியது. இறந்து 36 ஆண்டுகளுக்குப் பின் அவர் தம் சாதனையைத் தாமே மிஞ்சினார் என்று மக்கள் மகிழ்ந்தனர்.

பர்ட் மன்ரோவின் துணிவை அனைவரும் போற்றுகின்றனர். ஆனால், அவர் வண்டியை விரைந்து ஓட்டியது சில நிமிடங்கள்தாம். மற்ற ஆண்டுகளெல்லாம் அளப்பதிலும், அராவுவதிலும், உடைந்ததைக் கண்டு காரணம் தேடுவதிலுமே கழிந்தன. வேகத்தை விரும்பிய அந்த மனிதர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை மிக மெதுவான ஒரு வேலையில்தான் செலவிட்டார். அந்தப் பொறுமைதான் அவருடைய வண்டிக்கு வேகத்தைக் கொடுத்தது.