ஒரே ஒரு தோல்வி!
ரக்பி வீரர் டேவ் கேலகரின் கதை

நியூசிலாந்து ஒரு சின்ன நாடு. மனிதர்களைவிட ஆடுகள் அதிகமாக உள்ள நாடு. அங்குள்ள மக்களுக்கு ரக்பி ஆட்டம் என்றால் உயிர்.

ஓர் ஆட்டம் முடிந்துவிட்டால் போதும். வீட்டிலும் கடையிலும் வாக்குவாதம் தொடங்கிவிடும். இந்த ஆண்டு அணிக்கு வலு போதாது என்பார் ஒருவர். தவறு வீரர்களிடம் இல்லை, பயிற்சியாளரிடம்தான் என்பார் இன்னொருவர். பழைய வீரர்களைப் போல இனி யார் வரப்போகிறார்கள் என்று பெருமூச்சு விடுவார் ஒரு தாத்தா. காலின் மீட்ஸ் பெரியவரா, ரிச்சி மெக்கா பெரியவரா என்று விவாதம் வளரும்.

இந்தப் பேச்சில் ஒரு பழைய பெயரும் வந்து சேரும். அந்தப் பெயர், டேவ் கேலகர். அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆயினும் அவர் பெயர் மங்கவில்லை. ஏன்?

தாயை இழந்த சிறுவன்

கேலகர் பிறந்தது நியூசிலாந்தில் அல்ல, அயர்லாந்தில். ராமெல்டன் என்ற சிற்றூரில் 1873-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி பிறந்தார். தந்தை கடைக்காரர். தாய் பள்ளிக்கூட ஆசிரியை.

1878-ல் குடும்பம் கப்பல் ஏறியது. நியூசிலாந்தில் கட்டிக்கட்டி என்ற இடத்தில் குடியேறியது. புது நாட்டில் வாழ்வு சுகமாக இல்லை. தந்தை தாயைவிட வயதில் மிகவும் மூத்தவர். அவரால் பாடுபட முடியவில்லை. தாயின் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது. பிள்ளைகளோ பலர்.

அந்தத் தாயும் நோயில் விழுந்தார். வேலை போயிற்று. 1887-ல் புற்றுநோயால் கண்ணை மூடினார். அப்பொழுது டேவிட்டுக்கு வயது 13. படிப்பை விட்டான். குடும்பத்தைக் காப்பாற்ற வேலைக்குப் போனான்.

பின்னர் குடும்பம் ஆக்லாந்து நகருக்குச் சென்றது. அங்கே கேலகர் மாவு ஆலையில் வேலை பார்த்தார். பிறகு இறைச்சிக் குளிர்சாதனக் கிடங்கில் மேஸ்திரி ஆனார். உழைத்து உழைத்து உடம்பு உரம் பெற்றது. ஆறடி உயரம். அந்த உடம்புக்கு ஏற்ற ஆட்டமாக ரக்பி அமைந்தது.

என்ன ஆட்டம் இது?

ரக்பி பந்து உருண்டையாக இராது. முட்டை வடிவத்தில் இருக்கும். ஒரு பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாம். ஆனால் கையால் முன்பக்கம் வீசக் கூடாது. பின்னால் வருகிறவருக்குத்தான் கொடுக்க வேண்டும். எதிரிகள் பாய்ந்து கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவார்கள். அவர்களிடம் இருந்து தப்பி, எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் அதற்கு 'ட்ரை' என்று பெயர். அந்தக் காலத்தில் ஒரு ட்ரைக்கு 3 புள்ளி.

1895-ல் பான்சன்பி என்ற கழகத்தில் கேலகர் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஆக்லாந்து மாகாண அணியில் இடம் கிடைத்தது. 1901-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தத்துக்குப் போனார். திரும்பி வந்து, 1903-ல் நியூசிலாந்து தேசிய அணியில் ஆடினார்.

கப்பலில் வந்த சோதனை

1905-ம் ஆண்டு. பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்ய நியூசிலாந்து அணி புறப்பட்டது. கேலகர் கேப்டன்.

கப்பலிலேயே தகராறு மூண்டது. கேப்டனை வீரர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், மேலிடம் நியமித்தது சரியல்ல என்று சிலர் முணுமுணுத்தார்கள். அது கேலகர் காதுக்கு எட்டியது. அவர் கோபப்படவில்லை. பதவியை விட்டு விலகத் தயார் என்றார். வாக்கெடுப்பு நடந்தது. 29 பேரில் 17 பேர் நியமனத்தை ஆதரித்தார்கள். கேலகரே கேப்டனாக நீடித்தார்.

அந்த அணிக்கு ஜிம்மி டங்கன் என்ற பயிற்சியாளர் இருந்தார். ஆனால் வீரர்களில் பலருக்கு அந்த நியமனம் பிடிக்கவில்லை. எனவே பயிற்சிப் பொறுப்பைக் கேலகரும் துணை கேப்டன் பில்லி ஸ்டெட்டும் ஏற்றார்கள். ஸ்டெட் செருப்புத் தைக்கும் தொழிலாளி. கூர்மையான மூளை உடையவர். கப்பல் மேல்தளத்தில் இருவரும் வீரர்களைப் பழக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. அதை அவர் பிசகாமல் செய்ய வேண்டும். இதுதான் கேலகர் வகுத்த முறை.

பலன் உடனே தெரிந்தது. செப்டம்பர் 16-ந் தேதி முதல் ஆட்டம். டெவன் அணியை 55-க்கு 4 என்று தோற்கடித்தார்கள்! செய்தி தவறாக இருக்கும், டெவன்தான் வென்றிருக்கும் என்று லண்டனில் சிலர் நினைத்ததாகச் சொல்வார்கள்.

வெற்றிமேல் வெற்றி வந்தது. கறுப்பு உடை அணிந்த அவர்களுக்கு 'ஆல் பிளாக்ஸ்' என்ற பெயர் நிலைத்தது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து மூன்றும் வீழ்ந்தன.

ஆனால் கேலகருக்கு வசவும் கிடைத்தது. ரக்பியில் இரு அணி வீரர்களும் கும்பலாகக் குனிந்து முட்டித் தள்ளும் ஒரு கட்டம் உண்டு. பிரிட்டிஷ் அணிகள் அதற்கு 8 பேரை நிறுத்தும். நியூசிலாந்து 7 பேரை மட்டும் நிறுத்தியது. எட்டாவது ஆளான கேலகர் வெளியே நின்று பந்தை உள்ளே போடுவார். இது எதிரியை வழிமறிக்கும் தந்திரம், ஏமாற்று வேலை என்று பத்திரிகைகள் எழுதின. ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். கேலகர் பொறுமையாக ஆடினார்.

நூறாண்டு வழக்கு

டிசம்பர் 16-ந் தேதி. வேல்ஸ் நாட்டின் கார்டிப் நகரம். மைதானத்தில் சுமார் 47 ஆயிரம் பேர் திரண்டிருந்தார்கள்.

வேல்ஸ் வீரர் டெடி மார்கன் ஒரு ட்ரை போட்டார். வேல்ஸ் 3; நியூசிலாந்து 0. பிற்பாதியில் நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் பந்துடன் பறந்தார். கோட்டருகே அவரைப் பிடித்து வீழ்த்தினார்கள். கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துவிட்டேன், என்னைப் பின்னால் இழுத்துவிட்டார்கள் என்றார் டீன்ஸ். கோட்டைத் தொடவே இல்லை என்றார்கள் வேல்ஸ் வீரர்கள். நடுவர் சற்றுப் பின்தங்கி ஓடி வந்துகொண்டிருந்தார். ட்ரை இல்லை என்று தீர்ப்பு அளித்தார்.

நியூசிலாந்து தோற்றது.

டீன்ஸ் வைத்தாரா, இல்லையா? இந்த வழக்கு இன்றுவரை ரசிகர்களிடையே தீரவில்லை. ஆனால் அன்று கேலகர் நடுவரைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு நன்றாக ஆடியது வேல்ஸ்தான் என்று ஒப்புக்கொண்டார். வேல்ஸ் கேப்டன் குவின் நிக்கல்சுக்குத் தம் சட்டையைக் கொடுத்தார். அந்தச் சட்டை 2015-ல் கார்டிப் நகரில் 1 லட்சத்து 80 ஆயிரம் பவுனுக்கு ஏலம் போனது!

மொத்தம் 35 ஆட்டங்கள். 34 வெற்றி. அவர்கள் எடுத்த புள்ளிகள் 976, கொடுத்தவை 59. ஒரே தோல்வி, அந்தக் கார்டிப் தோல்விதான்.

கடைசிக் களம்

ஊர் திரும்பிய கேலகர் 1906-ல் மணம் புரிந்தார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1907 முதல் 1914 வரை தேசிய அணிக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்தார். அந்தக் காலத்தில் நியூசிலாந்து ஆடிய 50 ஆட்டங்களில் 44-ல் வென்றது.

முதல் உலக யுத்தம் வந்தது. வயது 40-ஐத் தாண்டிய குடும்பஸ்தர் கேலகர். அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆயினும் 1916-ல் தாமாகவே ராணுவத்தில் சேர்ந்தார். பயிற்சிக்கு அழைப்பு வருமுன்பே இடிபோல் ஒரு செய்தி வந்தது. தம்பி டக்ளஸ் பிரான்சில் போர்முனையில் மாண்டுவிட்டார்.

1917 அக்டோபர் 4-ந் தேதி. பெல்ஜியத்தில் கடும் போர். குண்டுச் சிதறல் ஒன்று கேலகரின் இரும்புத் தொப்பியைத் துளைத்துத் தலையில் பாய்ந்தது. அன்றே உயிர் பிரிந்தது. இன்னும் 26 நாளில் அவருக்கு 44 வயது நிறைந்திருக்கும். வீட்டில் மகளுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை.

பெல்ஜியத்தில் போப்பரிங்கே அருகே அவர் கல்லறை இருக்கிறது. நியூசிலாந்து வீரர்கள் அங்கே சென்று மலர் வைத்து வணங்குவது உண்டு. அவர் உயிர் நீத்த மண்ணுக்கு அடுத்த நாடு பிரான்ஸ். அந்த நாட்டு அணியும் நியூசிலாந்து அணியும் மோதும் கோப்பைக்கு 2000-ம் ஆண்டு முதல் அவர் பெயர்.

அணி வலுவானதா, பயிற்சி சரியா, யார் பெரியவர் என்ற வாக்குவாதம் நாளையும் நடக்கும். 34 வெற்றிகளைத் தந்த கேலகர் பெரிய வீரர். ஒரே தோல்வியை நிமிர்ந்து நின்று ஏற்ற கேலகர், அதைவிடப் பெரிய மனிதர்!