அன்னா பாவ்லோவா (1881 - 1931)



பாலே நடனத்துக்குப் புகழ்பெற்ற ரஷ்ய நகரம் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் ஆகும். அந்நகரில் சலவைத் தொழில் செய்த ஒரு தாயின் மகளாகப் பிறந்தவரே அன்னா பாவ்லோவா. சிறுவயதில் மரின்ஸ்கி அரங்கில் 'உறங்கும் அழகி' பாலேயைக் கண்டதும், தானும் அம்மேடையில் ஆடவேண்டும் என உறுதிகொண்டார். முதலில் வயது போதாதென மறுக்கப்பட்டு, 1891 இல் பேரரசின் பாலே பாடசாலையில் அனுமதி பெற்றார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அக்காலத்தில் கட்டான உடலும் வேகமான சுழற்சிகளுமே பெரிதும் போற்றப்பட்டன. பாவ்லோவாவோ மெலிந்த உடலும் மெல்லிய கணுக்கால்களும் உடையவர். சக மாணவிகள் கேலி செய்தனர். பிறரைப் பார்த்து ஆடாமல் தன் மென்மையையே பலமாக்குமாறு ஆசிரியர் கேர்ட் அறிவுறுத்தினார். அவ்வாறே பயின்று 1899 இல் மரின்ஸ்கியில் சேர்ந்து, 1906 இல் முதன்மை நர்த்தகியானார். மிகெயில் ஃபோக்கின் அவருக்காக அமைத்த 'இறக்கும் அன்னம்' சில நிமிடத் தனிநடனமே. அதில் பெரும் பாய்ச்சல்கள் இல்லை. கைகளின் அசைவிலேயே ஓர் உயிர் அடங்குவதைக் காட்டினார்.

1914 இன் பின் அவர் தாய்நாடு திரும்பவில்லை. இலண்டனில் வாழ்ந்து, சொந்தக் குழுவுடன் உலகெங்கும் ஆடினார். 1923 இல் உதயசங்கருடன் 'ராதா கிருஷ்ணா' நடனத்தை அளித்தார். பாலே பயில விரும்பிய ருக்மிணிதேவியைத் தம் நாட்டுக் கலையை நாடுமாறு தூண்டினார். அந்த ருக்மிணிதேவியே 1936 இல் சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவினார். பாவ்லோவா 1931 இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நோயுற்றுக் காலமானார்.

குறிப்பு: இவரது பங்களிப்பு பற்றி வினவினால் ஆண்டுகளை மட்டும் எழுதாதீர்கள். குறையெனக் கருதப்பட்டதை அவர் எவ்வாறு சிறப்பாக்கினார் என்பதையும் விளக்குங்கள்.