ஜான் நியூட்டன்: மறு தவணை பெற்ற மாலுமி

கனியற்ற அத்திமரத்திற்கு இன்னும் ஓராண்டு தவணை வேண்டி நின்ற தோட்டக்காரனைத் திருமறையில் நாம் அறிவோம். அத்தகைய தவணையைப் பன்முறை பெற்று, நெடுநாள் கழித்தே கனி கொடுத்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாய்க் கூறப் புகுகின்றோம்.

ஜான் நியூட்டன் 1725-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் கப்பற்றலைவர். மகனுக்கு வேதத்தையும் ஞானப்பாட்டுகளையும் பயிற்றிய அன்னையார், அவர்க்கு ஏழு வயது நிறையுமுன்னரே காலஞ்சென்றார். பதினொன்றாம் வயதில் கடலேறிய சிறுவர், வாலிபப் பருவத்தில் தெய்வ நிந்தனையிலே பெயர்பெற்றார். 1744-இல் அரசாங்கப் போர்க்கப்பலில் வலிந்து சேர்க்கப்பெற்றார். தப்பியோடி அகப்பட்டுக் கசையடியுண்டார். பின்னர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வாணிகன் ஒருவனிடம் அமர்ந்து, பசியாலும் சுரத்தாலும் மெலிந்து, கடையனினும் கடையராய் வாழ்ந்தார்.

தந்தையாரின் வேண்டுகோட்படி அவரைத் தேடிய கப்பல் ஒன்று அவரை ஏற்றிச் சென்றது. 1748 மார்ச்சு மாதத்தில் அதனை அட்லாண்டிக் மாகடலிற் பெரும்புயல் தாக்கியது. பலகைகள் பிளந்து நீர் உட்புகுந்தது. நீரிறைத்தும் சுக்கான் பிடித்தும் களைத்த நியூட்டன், தாம் பழித்த கடவுளிடமே அன்று இரக்கம் வேண்டினார். சரக்கில் தேன்மெழுகும் இலேசான மரமும் மிகுந்திருந்தமையால் கப்பல் மூழ்காது மிதந்து, ஏறக்குறைய நான்கு வாரங்களின் பின் அயர்லாந்துக் கரை சேர்ந்தது.

ஆயினும் அவர் அன்றே முற்றும் மாறினாரல்லர். 1750 முதல் 1754 வரை அடிமைக் கப்பலின் தலைவராக மும்முறை யாத்திரை செய்தார். மேற்றட்டில் ஜெபம் நடைபெற, கீழ்த்தட்டில் மனிதர் விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். அவருடைய மனச்சாட்சி அக்காலத்து உறங்கியது. 1754-இல் திடீரென நேர்ந்த நோயே அவரைக் கடற்றொழிலினின்று விலக்கியது.

அப்பால் லிவர்ப்பூல் துறைமுகத்தில் அலுவல் பார்த்து, 1764-இல் குருப்பட்டம் பெற்று, ஆல்னி என்னும் ஊரில் ஏழைகளிடையே ஊழியம் செய்தார். அங்கே கவிஞர் கூப்பருடன் இயற்றிய ஞானப்பாட்டுகள் 1779-இல் நூலாய் வெளிவந்தன. பின்னர் இலண்டனில் குருவாய் அமர்ந்தார். 1806-இல் தஞ்சைக்கும் திருவாங்கூருக்கும் வந்த கிளாடியஸ் புக்கானன் இவரால் நல்வழி திரும்பியவரே. 1785-இல் மனங்கலங்கி வந்த வில்பர்போர்சு என்பாரை, அரசியலை விட்டு விலகாது அங்கேயே கடவுட்பணி புரியுமாறு ஊக்கினார்.

1788-இல் நியூட்டன் தம் வெட்கத்தை மறையாது அடிமை வாணிகத்தின் கொடுமைகளை எழுதி வெளியிட்டார். விசாரணை மன்றங்களின் முன்னும் சாட்சி பகர்ந்தார். கடல்விட்டு முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தே அவ்வாய் திறந்தது. 1807 மார்ச்சில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அவ்வாணிகத்தை விலக்கிச் சட்டமியற்றிற்று. பார்வை மங்கிய முதியவர் அதனைக் கேட்டபின், அவ்வாண்டு டிசம்பரில் தமது எண்பத்திரண்டாம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

கீழ்த்தட்டில் மாண்டோர்க்கு மறு தவணை கிட்டவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. கிருபை பாவத்தை மன்னிக்கும். பிறர்க்கிழைத்த தீங்கை மறைத்துவைக்க இடங்கொடாது. மன்னிப்புப் பெற்றவர் உண்மையை உரைத்து, தீங்கைத் துடைக்கக் கைகொடுத்தலே அத்தவணையின் கனியாம். மாணவ நண்பர்களே, இன்று நமக்கு அளிக்கப்பட்ட நாளும் ஒரு தவணையே. முப்பத்து நான்கு ஆண்டுகள் காத்திராது, இன்றே கனி கொடுக்க முயல்வோமாக.