சீனத்தில் தங்கிவிட்ட ஷோலாப்பூர் வைத்தியர்

கெலமங்கலம் பக்கத்துக் கிராமமொன்றிற்கு வைத்தியம் செய்ய வரும் இளைஞர், நோயாளியின் நாடியைப் பிடிக்குமுன் வேறொன்றைக் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசுவது தமிழா, தெலுங்கா, கன்னடமா என்பதே அது. வயிற்றில் எரிச்சலா குத்தலா என்று கேட்டறிய இயலாத வைத்தியருக்கு அவர் கற்ற சாஸ்திரம் பாதிதான் பயன்படும். சொந்த ராஜ்யத்தின் எல்லைக்குள்ளேயே இவ்வளவு தொல்லையென்றால், கடல் கடந்து, ஓர் எழுத்தும் அறியாத தேசத்தில், அதுவும் யுத்தகளத்தில் சிகிச்சை செய்யப் போனவர் பட்ட பாட்டை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். டாக்டர் துவாரகநாத் கோட்னிஸின் பெயரைக் கேளாத தேசாபிமானிகள் சிலரே இருப்பர். ஆயினும் அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவர் மாண்டதையே பேசுகின்றனர். அவர் அங்கே வாழப் பழகியதே நமக்கு அதிக முக்கியமாகப் படுகிறது.

கோட்னிஸ் 1910ம் வருஷம் அக்டோபர் 10ந் தேதி ஷோலாப்பூரில் பிறந்தார். 1930ல் ராணுவச் சட்டத்தின் கொடுமையை அனுபவித்த நகரம் அது. பம்பாயில் சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் வைத்தியக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். மேற்படிப்பும், அதன்பின் கௌரவமான தொழிலும் அவருக்காகக் காத்திருந்தன.

1937ல் ஜப்பான் சீனத்தின்மீது பாய்ந்தது. சீனப் படைத்தலைவர் சூ தே, வைத்திய உதவி வேண்டி ஜவாஹர்லால் நேருவுக்கு எழுதினார். மறுவருஷம் காங்கிரஸ் மகாசபையின் தலைவராயிருந்த சுபாஷ் சந்திர போஸ் ஜனங்களிடம் வேண்டுகோள் விடுத்தார். சுமார் 22,000 ரூபாய் சேர்ந்தது. ஆம்புலன்ஸ் வண்டியுடன் ஐந்து வைத்தியர்களை அனுப்புவதென்று தீர்மானமாயிற்று. ஸ்பெயின் யுத்தத்தில் முன்னரே தொண்டு செய்திருந்த அலகாபாத் மதன் அடல் தலைவர். நாகபுரியிலிருந்து வயதில் மூத்த சோல்கர், கல்கத்தாவிலிருந்து பாசுவும் முகர்ஜியும், ஷோலாப்பூரிலிருந்து கோட்னிஸ். நம் கிராமங்களிலேயே வைத்தியரின்றி ஜனங்கள் மடியும்போது சீனத்துக்கு ஏன் ஆள் அனுப்ப வேண்டும் என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே. ஐந்து பேரால் சீனத்தின் காயங்கள் ஆறிவிடப் போவதில்லை என்பதும் உண்மையே. ஆனால் தன் படையைத் தன் இஷ்டப்படி எங்கும் அனுப்ப உரிமையற்றிருந்த ஒரு தேசம், எஜமானர்களைக் கேளாமல் தானே வகுத்துக்கொண்ட அயல்நாட்டுக் கொள்கையின் முதற் காரியங்களில் ஒன்று அது. அந்த அளவில் அதன் விலை 22,000 ரூபாய்க்கு மிக அதிகம்.

1938 செப்டம்பரில் பம்பாயில் கப்பலேறி அம்மாதமே காண்டன் துறைமுகத்தில் இறங்கினர். ஜப்பானியர் முன்னேற முன்னேற, ஹாங்கௌவிலிருந்து சுங்கிங் வரை பின்வாங்க நேர்ந்தது. சுங்கிங்கில் அவர்களுடைய பெயர்களோடு சீனத்தைக் குறிக்கும் ஹுவா என்ற அசை சேர்க்கப்பட்டது. கோட்னிஸ், கே திஹுவா ஆனார். அவ்வூரில்தான் தந்தை காலமான செய்தியும் அவரை எட்டியது. திரும்பிப் போக அவருக்குப் பூரண உரிமை இருந்தது. நண்பர்களும் அதையே சொன்னார்கள். அவர் போகவில்லை.

1939 பிப்ரவரியில் யேனான் சேர்ந்தனர். மஞ்சள் மண் குன்றுகளைக் குடைந்த குகைகளே அங்கே வீடும், ஆஸ்பத்திரியும், பள்ளிக்கூடமும். உணவு பெரும்பாலும் தினைக்கஞ்சி. கேழ்வரகுக் களியுண்டு வளர்ந்த நம் ஒசூர்ச் சீமையாருக்கு இது பெரிய கஷ்டமாகத் தோன்றாது. சோள ரொட்டி தின்னும் ஷோலாப்பூர்க்காரருக்கும் தானியம் புதிதேயன்றிச் சிறுதானியம் புதிதன்று. குளிரே புதிது, மொழி அதனினும் புதிது. துபாஷியை நடுவில் வைத்துக்கொண்டு காயத்துக்குக் கட்டுப் போடலாம். சாகப் போகிறவனுக்குத் தைரியம் சொல்ல முடியாது. கோட்னிஸ் சீன மொழியைப் பேசவும் படிக்கவும் கற்றார். நாளடைவில் அம்மொழியிலேயே மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். மற்றெல்லாச் சாதனையும் இதன்மேல் எழுந்ததென்பது நமது அபிப்பிராயம்.

தேகநிலையும் வேறு காரணங்களும் தோழர்களில் மூவரை ஒருவர்பின் ஒருவராகத் தாயகம் திருப்பின. அவர்களைக் குறைகூறுவது தகாது. எஞ்சிய கோட்னிஸும் பாசுவும் ஜப்பானியர் காவல் புரிந்த பிரதேசங்களைக் கடந்து வடசீனப் போர்முனையை அடைந்தனர். பிறகு பாசு யேனானுக்குத் திரும்ப, மலைப்பிரதேசத்தில் கோட்னிஸ் ஒருவரே இந்தியர். அங்கே அவருக்கு முன்பு பணி செய்தவர் கனடா தேசத்து நார்மன் பெதூன். சிகிச்சை செய்கையில் விரலில் பட்ட காயம் விஷமாகி 1939 நவம்பரில் மாண்டவர். காயமுற்றவன் வைத்தியரைத் தேடி வரக்கூடாது, வைத்தியரே அவனை நாடிச் செல்லவேண்டும் என்பது பெதூன் வகுத்த முறை. மருந்தும் கருவியும் பஞ்சமாயிருந்த அந்நாட்டில் கோட்னிஸ் அம்முறையையே கைக்கொண்டார். 1940ம் வருஷத்துப் போரொன்றில் 72 மணி நேரம் கண் மூடாமல் ரணசிகிச்சை செய்தாரென்று கூறப்படுகிறது. 1941 ஜனவரியில், பெதூன் பெயரால் விளங்கிய சர்வதேச சமாதான ஆஸ்பத்திரிக்கு அவர் முதல் டைரெக்டர் ஆனார்.

அவ்வருஷக் கடைசியில், தாதியர் பயிற்சியில் ஈடுபட்டிருந்த குவோ சிங்லான் என்ற மாதை மணந்தார். 1942 ஆகஸ்டில் ஆண் குழந்தை பிறந்தது. இந்தியாவையும் சீனத்தையும் சேர்த்து யின்ஹுவா என்று பெயரிட்டனர். அதற்கு முந்திய மாதம் அவர் சீனக் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்திருந்தார். அக்கட்சியின் கொள்கை நமக்கு உடன்பாடா என்பது வேறு விவகாரம். தாம் யாருடன் குகையில் படுத்துத் தினை உண்டாரோ அவர்களுடைய கட்சியில் சேர்ந்தார்.

இதற்கிடையில் காக்காய்வலிப்பு அவரைப் பற்றியிருந்தது. வேறிடம் சென்று சிகிச்சை பெறும்படி கூறிய யோசனையை அவர் ஏற்கவில்லை. மாணவர்களுக்கென ரணசிகிச்சை நூலொன்றை முடித்து, இரண்டாவதை எழுதி வந்தார். அது பாதியில் நிற்கையில், 1942 டிசம்பர் 9ந் தேதி, 32வது வயதில் காலமானார். பாசு மறுவருஷம் இந்தியா திரும்பினார். 1946ல் சாந்தாராம் எடுத்த சினிமாப் படம் கோட்னிஸின் கதையை நம் தேசமெங்கும் பரப்பிற்று. ஷிஜியாசுவாங் நகரத்துத் தியாகிகள் மயானத்தில் இன்று அவர் சமாதி இருக்கிறது.

இரு தேசத்தின் பெயரையும் சுமந்த யின்ஹுவாவுக்கு இருபது வயது நிரம்பிய சில வாரங்களில், 1962 அக்டோபரில், அவ்விரு தேசங்களும் இமயமலையில் போர் தொடுத்துக்கொண்டன. தகப்பனாரைப் போலவே வைத்தியம் படித்துக்கொண்டிருந்த அப்பிள்ளை 1967ல் இறந்தான். குவோ சிங்லான் கணவரின் பந்துக்களைக் காணப் பலமுறை இந்தியா வந்து போனார், 2012ல் காலமானார்.