துணி மூட்டையோடு தோட்டத்துக்குள் போனவர்

எங்கள் அகதி வாழ்க்கையைப் பற்றி எழுதவென்று இங்கே ஒருமுறை ஒரு நிருபர் வந்தார். பத்து நிமிடம் நின்றார், ஒரு படம் எடுத்தார், போய்விட்டார். அன்றிரவு எனக்குக் கோ. நடேசய்யரின் ஞாபகம்தான் வந்தது.

தஞ்சாவூரிலிருந்து 1920ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்தவர் அவர். அப்போது துரைமாரின் அனுமதி இல்லாமல் வெளி ஆட்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் கால் வைக்கேலாது. ஐயர் என்ன செய்தார்? புடவை வியாபாரி போல வேடம் போட்டு உள்ளே போனார். லயன் அறைகளில் சனம் கிடந்த பாட்டையும், கங்காணிக்குப் பட்ட கடனையும் நேரிலே அறிந்தார். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' என்ற பத்திரிகைகளில் அவர்களுக்காக எழுதினார். எழுதினதோடு நிற்கவில்லை, 1931இல் தொழிற்சங்கமும் அமைத்தார். மனைவி மீனாட்சி அம்மாளும் தோட்டங்களில் பாட்டுப் பாடி அந்தச் சனத்தைத் தட்டியெழுப்பினார்.

1947இல் ஐயர் கண்மூடினார். அடுத்த வருடமே பிரசாவுரிமைச் சட்டம் வந்து அந்த மக்களை நாடற்றவராக்கியது. நாடில்லாமல் நிற்பது என்னவென்று எங்களுக்கும் தெரியும்தானே.

பிள்ளையள், நாளைக்கு நீங்களும் பேனை பிடிப்பீர்கள். ஆரைப் பற்றி எழுதுவதென்றாலும், முதலில் அவர்களின் வாசலில் கொஞ்சநேரம் இருந்து கேளுங்கோ.