தங்கையின் நோயும் தமக்கையின் பணியும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரைக் கேள்விப்படாத தமிழ் மாணவர் நம்மிடையே இலர். மகப்பேற்று உதவித் திட்டம் ஒன்று அவர் பெயரால் நம் நாட்டில் நடைபெறுகிறது. நம்மிற் பலர் அப்பெயரை முதன்முதல் படித்தது அத்திட்டத்தின் விண்ணப்பத் தாளிலேதான் என்றால் மிகையாகாது. பள்ளிப் பாடநூலோ, சென்னைச் சட்டமன்றம் புகுந்த முதற் பெண்மணி என்று ஒரே வரியில் அவரை முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். ஆயினும் அவர் வரலாற்றைப் படிக்கப் படிக்க, முப்பது ஆண்டுக்கு மேலாக அவர் நெஞ்சை விட்டு அகலாதிருந்த ஒரு துயரமே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். மற்றவற்றை விரைவாகவே சொல்லிச் செல்வேன்.

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் அவர் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் அவ்வூர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண் என்பது ஒரு குறை, தாயின் மரபு மற்றொரு குறை எனக் கூறி, அவரைக் கல்லூரியிற் சேர்ப்பதற்கு ஊரார் எதிர்ப்புத் தெரிவித்தனர். தொண்டைமான் மன்னர் அதைப் பொருட்படுத்தாது இடம் அளித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912-இல் டாக்டர் பட்டம் பெற்று வெளிவந்தார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சரிநிகராக நடத்த வேண்டும் என்று நிபந்தனை விதித்தே மணந்தார். இன்றும் நம்மில் எத்தனை பேர் வீட்டில் அப்படி ஒரு நிபந்தனை செல்லுபடியாகும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1923-ஆம் ஆண்டு அவருடைய தங்கை சுந்தரம்மாள் நோயுற்றார். குடலில் தொல்லை, இரத்தமும் போயிற்று. சீதபேதி என்று கருதி அதற்குரிய மருந்தைக் கொடுத்து வந்தனர். நோயோ மலக்குடலில் தோன்றிய புற்று. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தமக்கையின் கண்ணெதிரே தங்கை மெலிந்து, வலியால் வாடி, மாண்டு போனார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். குடும்பத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார். அதுவும் வகுப்பில் முதன்மையாகத் தேறிய டாக்டர். அப்படியிருந்தும் நோய் தன்னை மறைத்துக்கொண்டது. மலக்குடற் புற்று தொடக்கத்தில் மூலத்தைப் போலவும் சீதபேதியைப் போலவும் வேடமிட்டு வரும். நேரே ஆராய்ந்து பார்த்தாலன்றித் தெரியாது. பல வேளைகளில் மருத்துவரின் விரலுக்கே தட்டுப்படும் என்றாலும், அப்படிப் பார்க்கச் சொல்ல நோயாளிக்கும் கூச்சம், வீட்டாருக்கும் கூச்சம். டாக்டர் வீட்டிலேயே இப்படி என்றால், டாக்டரின் முகத்தையே பார்த்தறியாத வீடுகளில் என்ன நடந்திருக்கும்? அம்மையாரின் மனத்தை அறுத்த கேள்வி இதுதான் என்று அவருடைய பிற்காலச் செயல்களைக் கொண்டு நான் துணிகிறேன்.

1925-இல் அரசின் உதவிபெற்று மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். புற்றுநோய்க்கென்றே தனியாக இயங்கி வந்த ராயல் கேன்சர் மருத்துவமனையை அங்கே கண்டார். நம் நாட்டில் அந்நோய் என்றாலே சாவு என்று பொருள். அங்கே அது மருத்துவம் பார்க்கத்தக்க ஒரு நோயாக இருந்தது. அந்த வேறுபாட்டை நெஞ்சில் ஏந்திக்கொண்டு ஊர் திரும்பினார்.

திரும்பியதும் சட்டமன்றம் அவரை இழுத்துக்கொண்டது. 1927-இல் அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். காந்தியடிகள் சிறைப்பட்டபோது, 1930-இல், பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தை நிறுவினார். ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியது. இவ்வளவுக்கும் நடுவில் தங்கையை அவர் மறக்கவில்லை என்பதே என் வியப்பு. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அம்மேடையில்தான் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்கும் எண்ணத்தை அவர் வெளியிட்டார்.

ஆதரவு எளிதில் வந்ததா என்றால், இல்லை. ஆள்வோரிடத்தும் மருத்துவரிடத்துமே, இந்நோய் கண்டவர் எப்படியும் மாளப்போகிறவர்தாமே, அவர்களுக்கென்று பணத்தைச் செலவிடுவானேன் என்ற எண்ணம் இருந்தது. கொடுமையாகத் தோன்றலாம், ஆனால் அது முழுதும் கல்நெஞ்சால் வந்ததன்று. நோயாளிகள் எல்லாம் கடைசிக் கட்டத்தில் வந்தார்கள். ஆகவே எல்லாரும் மாண்டார்கள். எல்லாரும் மாள்வதைக் கண்டதால் எவரும் முன்னதாக வரவில்லை. இந்தச் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். அம்மையார் அறுக்க முனைந்தார். 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். பணக்காரரிடமும் கேட்டார், சிறு தொகை கொடுப்பவரிடமும் கேட்டார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றில் மருத்துவமனை திறக்கப்பட்டது. பன்னிரண்டே படுக்கைகள். தங்கை மறைந்து முப்பத்தொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. அம்மையாருக்கு வயது அறுபத்தேழு.

அயல்நாடு சென்று இத்துறையில் பயின்று வந்த அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். 1955-இல் டாக்டர் சாந்தா என்னும் இளம்பெண் வந்து சேர்ந்தார். முதல் மூன்று ஆண்டுகள் ஊதியமின்றியே உழைத்த அவர், 2021-இல் மறையும்வரை அவ்வளாகத்திலேயே வாழ்ந்தார்.

மருத்துவமனை கட்டிவிட்டால் போதுமா? வாயில் திறந்திருந்தும் உரிய காலத்தில் உள்ளே வருபவர் வேண்டுமே! இதில் எனக்கும் சிறிது அனுபவம் உண்டு. தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரில் வாழ்ந்த என் அத்தைக்கு வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லும் வழக்கம் இருந்தது. கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்தது. எட்டு மாதம் எவரிடமும் சொல்லவில்லை. காரம் பட்டால் எரிகிறது என்று குழம்பை மட்டும் ஒதுக்கி, தயிர்ச் சோற்றையே உண்டு வந்தார். நாங்கள் அதை விரதம் என்று எண்ணிக்கொண்டோம்.

சுந்தரம்மாளின் நோய் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. வாயோ அப்படியன்று, வாயைத் திறக்கச் சொல்லி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் போதும். புற்று வருவதற்குப் பல்லாண்டு முன்னரே வெண்படலமாகவோ, செந்நிறத் திட்டாகவோ, ஆறாத புண்ணாகவோ அது அறிகுறி காட்டுவதுண்டு. பெண்களைப் பற்றும் கருப்பைவாய்ப் புற்றும் அத்தகையதே. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவிவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்தால், மாறுதலுற்ற பகுதி வெண்மையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியே இதைச் செய்துவிடலாம். திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி இதைச் செய்து பார்த்தார்கள். இச்சோதனை கிடைத்த ஊர்களில் இந்நோயால் நேர்ந்த சாவு, கிடைக்காத ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்திருந்தது. 2007-இல் வெளியான முடிவு இது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று வாயைச் சோதித்த மற்றோர் ஆய்வும், புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றுச் சாவு குறைந்ததை 2005-இல் காட்டிற்று. நோயாளி மருத்துவமனையைத் தேடி வரும்வரை காத்திராமல், மருத்துவம் வீட்டுத் திண்ணைக்குப் போனதால் விளைந்த பயன் அது.

1968 ஜூலை 22-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். எண்பத்திரண்டு வயது நிறைய எட்டு நாட்களே இருந்தன. இவ்வாய்வுகள் எதையும் அவர் காணவில்லை. ஆனால் அவருடைய நிறுவனம் நோய் வந்தபின் பார்ப்பதோடு நின்றுவிடவில்லை. 2002-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு புகையிலைப் பழக்கத்தை விடுவிக்கும் நிலையங்கள் நாட்டில் பதின்மூன்று இடங்களில் தொடங்கப்பட்டபோது, அடையாறும் அவற்றுள் ஒன்றாயிற்று.

தில்லியில் படிக்கும் நமக்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. விடுதி வாசலில் உள்ள பெட்டிக்கடையில் மாலையில் நின்று பாருங்கள். தேநீரைவிடச் சிகரெட்டு விரைவாக விற்கும். ஒன்றே ஒன்றுதான், தேர்வு முடிந்ததும் விட்டுவிடுவேன் என்று மூன்றாண்டாகச் சொல்லிவரும் நண்பர் ஒருவர் என் அறையிலேயே இருக்கிறார். அவரைப் பழிப்பது என் நோக்கமன்று. விடுவது கடினம், நிகோட்டின் மூளையைப் பிடித்துக்கொள்ளும் பிடி அத்தகையது. உதவியின்றித் தனியே முயல்பவர் பெரும்பாலும் திரும்பவும் அதில் வீழ்கின்றனர். விட்டவருக்கோ, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நுரையீரற் புற்றின் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிறது. அவ்வுதவி தொலைவில் இல்லை. நம் பல்கலைக்கழக வளாகத்திலேயே உள்ள வல்லபாய் படேல் மார்புநோய் நிறுவனத்தில் 2016-இல் இதற்கெனத் தொலைபேசிச் சேவை தொடங்கினார்கள். எண் 1800-11-2356, கட்டணம் இல்லை. பின்னர் பெங்களூர், மும்பை, குவாகாத்தி ஆகிய நகரங்களிலும் கிளைகள் ஏற்பட்டன. என் அறை நண்பர் எண்ணைக் குறித்துக்கொண்டிருக்கிறார். அழைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்நகரில் வீட்டு வேலை செய்து பிழைக்கும் நம் தமிழ்ப் பெண்கள் பலர். காய்கறி வாங்கவும் பேருந்தில் ஏறவும் போதுமான இந்தி அவர்களுக்கு உண்டு. வெள்ளைப்படுதல், இடையில் உதிரம் காணுதல், மார்பில் கட்டி ஆகியவற்றை ஒரு டாக்டரிடம் சொல்ல அந்த இந்தி போதாது. சொல்லக் கூசுவதை அயல்மொழியில் எப்படிச் சொல்வது? ஆகவே சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். அவர்களோடு மருத்துவமனைக்குச் சென்று, வரிசையில் நின்று, மொழிபெயர்த்து உதவ நம் சங்கத்து மாணவியர் நால்வர் முன்வந்துள்ளனர். வாய்ச் சோதனைக்கு ஆடவரை அழைத்துச் செல்ல மாணவர் இதுவரை இருவரே. சனிக்கிழமை காலை ஓய்வாக உள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.